முப்பத்தேழாவது புளியமரம்

கொளஞ்சியம்மாள் களை வெட்டவோ மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கவோ ஒத்துக்கொள்ளும்போது கூலி எவ்வளவு என்று கேட்க மாட்டாள். வேலை நடக்கிற கொல்லை ரோட்டோரமா என்றுதான் கேட்பாள். ரோட்டோரம் இல்லையென்றால் யார் வந்து கூப்பிட்டாலும் போக மாட்டாள். "இவ பெரிய கலெக்டரு, ரோட்டப் பாத்தாதான் இவளுக்கு வேல ஓடும்" என்று கூட வேலை செய்கிற பெண்கள் கேலி பேசுவார்கள். காரணம் தெரிந்துதான் பேசுவார்கள்.

காரணம் அவளுடைய மகன் வேடியப்பன். இருபது வயது, அப்பனைவிட உயரம், மீசை அடர்ந்துவிட்டது. தினம் விடியற்காலையில் எழுந்து கூழைக்கூடத் தொடாமல் ரோட்டுக்குப் போய்விடுவான். தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகிற அந்த ரோட்டில் வெள்ளைக்காரன் காலத்துப் புளியமரங்கள் இருந்தன. புளி ஏலத்துக்காக ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சு உயரத்தில் பட்டையைச் சீவி, சுண்ணாம்பு அடித்து, கறுப்பு மையில் நம்பர் எழுதியிருப்பார்கள். ஊர் முனையில் இருக்கிற ஒன்றாம் நம்பர் மரத்தில் வேடியப்பன் ஆரம்பிப்பான். நம்பர் மேல் உள்ளங்கையை வைத்து "ஒண்ணு" என்பான். பிறகு கழுத்தைப் பின்னால் சாய்த்து, இலைகளுக்கு நடுவே வெளிச்சம் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பான். தொண்டைக்குள்ளிருந்து வண்டு பறப்பதுபோல ஒரு சத்தம் வரும். அது அவன் சந்தோஷமாக இருக்கிறான் என்பதற்கான சத்தம். அப்புறம் இரண்டாவது மரம். பாலத்துக்கு முன்னால் அறுபத்து நாலாவது மரத்தோடு திரும்பி வீட்டுக்கு வந்து கூழ் குடிப்பான்.

இதில் ஒரு மரத்துக்குக் குறுக்கே எவனாவது மாட்டு வண்டியை நிறுத்திவிட்டால் போச்சு. கட்டைவிரலுக்குக் கீழே கையைக் கடித்துக்கொள்வான். கடித்துக் கடித்து அந்த இடம் காய்த்துப்போயிருந்தது. களியை இரண்டாகப் பிட்டு வைக்க வேண்டும், குழம்பு அதன்மேல் படக் கூடாது. கல்யாண வீட்டில் ரேடியோ செட் கட்டினால் அன்றைக்குப் பூரா அவனைக் கரும்புக் கொல்லைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்திருக்க வேண்டும். முகச் சவரம் அவன் தூங்கும்போதுதான் நடக்கும். யார் தொட்டாலும் நெருப்புப் பட்டதுபோல உதறுவான். பெற்றவள் தொட்டாலும் அப்படித்தான். நம்பரைத் தவிர அவன் வாயில் வேறு பேச்சு வந்ததில்லை.

பார்க்காத வைத்தியம் இல்லை. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினார்கள். கல்வராயன் மலைக்குத் தூக்கிப்போய் ஒரு மாதம் தங்கிப் பச்சிலை அரைத்துக் கொடுத்தார்கள். அவனுக்கு ஆறு வயதில் கொளஞ்சியப்பர் கோவிலுக்கு நடந்தே போய், எல்லோரும் செய்வதுபோல் தாளில் எழுதிப் பிராது கட்டினாள். 'என் பிள்ளை என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும்.' தொண்ணூறு நாளில் தீர்ப்பு வரும் என்பார்கள். பதினாலு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கு இதற்கு ஆட்டிசம் என்று ஒரு பேர் இருக்கிறது. 1987-இல் அந்தப் பேர் அந்தப் பக்கத்தில் ஒருத்தர் காதிலும் விழுந்ததில்லை. 'ஒரு மாதிரிப் புள்ள' என்று சொல்லி ஊர் முடித்துக்கொண்டது. ஒன்று சொல்ல வேண்டும், ஊர் அவனை அடித்ததில்லை. டவுன் பஸ் டிரைவர்கள்கூட அவனைக் கண்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

புரட்டாசி பிறக்கிற சமயம். மழை ஏமாற்றியதில் மண் இறுகிக் கிடந்தது. செடியைப் பிடித்து இழுத்தால் காய் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றது. குச்சியால் கிளறிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் கொளஞ்சியம்மாள். பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு அடுத்த நிரையில் இருந்தாள்.

"ஏ கொளஞ்சி, மறியலுக்கு உங்க வூட்ல யாரு போறது?"

"யாரு போவாங்க, நிர்மலா அப்பாதான்." மகள் பேரை வைத்துத்தான் புருஷனைச் சொல்வாள்.

"பொம்பளைங்களும் வந்து ரோட்ல குந்தணும்றாங்களே. போலீசு அடிச்சா இன்னா பண்றது?"

"அடிச்சா ஓடறது. நம்பளுக்கு இன்னா காலு இல்லியா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரத்துக்கு ரோட்டை மறிப்பது என்று சாதிச் சங்கம் முடிவு செய்திருந்தது. சுவரெல்லாம் அதுதான் எழுதியிருந்தது. அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் சங்கத்தின் ஊர்ப் பொறுப்பாளர் சுப்புராயன் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு வந்தார்.

"ஏம்மா, பாவாடை வூட்ல இருக்கானா? ரம்பத்தத் தீட்டி வெக்கச் சொல்லு. நாளான்னிக்கி பொழுது வுடியறதுக்குள்ள ரோட்ட மறிச்சாவணும்."

பாவாடை கொளஞ்சியம்மாளின் புருஷன். சுற்று வட்டாரத்தில் மரம் அறுக்கிறவன் அவன் ஒருத்தன்தான். இரண்டு ஆள் பிடித்து இழுக்கிற ரம்பம் வைத்திருந்தான். மரம் எந்தப் பக்கம் சாயும் என்று கயிறு கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவான்.

"எந்த மரத்தங்க வெட்டப் போறீங்க?" என்றாள்.

"அது இன்னாத்துக்கு உனக்கு?"

"எம்புள்ளிக்கி ஒண்ணு கொறஞ்சாலும் ஆவாதுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

சுப்புராயன் கெட்டவர் இல்லை. "உம்பொண்ணு எண்ணூத்தி அறுவது மார்க்கு வாங்கிக்கினு இங்க வந்து மல்லாட்ட ஆயறா. வாத்தியார் ட்ரெய்னிங்குக்கு ரெண்டு வருசமா சீட்டு இல்ல. அவளுக்காவத்தான் நாம ரோட்டுக்கு வர்றோம். மரத்தப் பாத்தா ஆவுமா?" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பொய் இல்லை. மகள் நிர்மலா நாலு நிரை தள்ளிக் குனிந்திருந்தாள். நிமிரவே இல்லை.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் பாவாடை வாசலில் ரம்பத்தைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அரத்தால் பல் தீட்டினான். அந்தச் சத்தம் பிடிக்காமல் வேடியப்பன் உள்ளே காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"அறுவத்தி நாலு வரைக்கும் கைய வெக்காதய்யா. பாலத்துக்கு அந்தாண்ட எத்தினி மரம் கெடக்குது" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"சொல்லிப் பாக்கறன்."

"சொல்லிப் பாக்கறன்னா? ரம்பம் உன்னுது. நீ போவலன்னா அவனுங்க கோடாலி வெச்சிக்கினு ரெண்டு நாளிக்கி வெட்டணும்."

"ரம்பம் என்னுதுதான். ஊரு என்னுதா?"

நிர்மலா அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்காவ ஒண்ணும் வெட்ட வேணாம் நைனா."

"உனக்காவ மட்டும்னு யாரு சொன்னது? நான் அஞ்சாங்கிளாசோட இந்தப் புடியப் புடிச்சவன். எங்கப்பன் அதுவும் படிக்கல. நம்ப சனத்துல ஒரு ஆபீசரக் காட்டு பாப்பம்." அரத்தைக் கீழே வைத்தான். "புள்ளியும் எம்புள்ளதான். எனக்குத் தெரியாதா. பாலத்துக்கு அந்தாண்டயே போட்டுடலாம்னு சொல்றன்."

அவன் விடிந்தும் விடியாத நேரத்தில் திரும்பி வந்தபோது மரத்தூள் தலையில் மாவுபோல் அப்பியிருந்தது. முகத்தைப் பார்த்ததுமே கொளஞ்சியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

"எந்த நம்பரு?"

"முப்பத்தேழு. திருப்பத்துலதான் போடணும், அப்பதான் லாரிக்காரன் கிட்ட வர்ற வரிக்கும் தெரியாதுன்னு சுப்புராயன் ஒத்தக் கால்ல நின்னுட்டாரு." அவள் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டினான். "இருமே, முழுக்கக் கேளு. நம்பருக்கு மேல அறுத்துட்டன். வண்டியக் கொண்டாந்து நிறுத்தி, அதுமேல ஏறி நின்னு, நெஞ்சு ஒசரத்துக்கு மேல ரம்பத்தப் போட்டன். கையி ரெண்டும் கழண்டுபோச்சு. நம்பரு அப்பிடியே கீது. அவன் வந்து தொட்டுட்டுப் போய்க்கினே இருப்பான்."

எந்த மரம் அறுக்கிறவனும் செய்யாத வேலை அது. அடியோடு அறுப்பதுதான் சுலபம். மகனுக்காக ஆள் உயரத்தில் நின்று அறுத்திருக்கிறான். அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பாவம், அவன் இத்தனை வருஷமாகப் பையனின் கையைத்தான் பார்த்திருந்தான். கழுத்தைப் பார்த்தவள் கொளஞ்சியம்மாள்.

"தொட்டுட்டு அவன் மேல பாப்பான்யா" என்றாள்.

பாவாடைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

அன்றைக்கு அவனை வெளியே விடக் கூடாது என்று கதவுக்கு நாதாங்கி போட்டார்கள். வேடியப்பன் கதவை இழுத்துப் பார்த்தான். பிறகு நெற்றியைக் கதவில் மோத ஆரம்பித்தான். பத்து மோதலுக்குள் ரத்தம் வந்துவிட்டது. "தொறந்து வுடு, நானே பின்னாடி போறன்" என்று கொளஞ்சியம்மாள்தான் நாதாங்கியை எடுத்தாள்.

ரோட்டில் பஸ் இல்லை, லாரி இல்லை. திருப்பத்தில் நூறு நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் பெண்கள். மரம் ரோட்டை அடைத்துக் குறுக்கே கிடந்தது. வேடியப்பன் யாரையும் பார்க்கவில்லை. முப்பத்தாறு வரைக்கும் ஒழுங்காக வந்தான். முப்பத்தேழில் கையை வைத்தான். கழுத்தைச் சாய்த்தான். மேலே ஒன்றும் இல்லை, வெறும் வானம். கையை எடுத்துப் பார்த்தான். நம்பர் இருந்தது. மறுபடி வைத்தான். பிறகு முப்பத்தாறுக்குத் திரும்பிப் போய் "முப்பத்தாறு" என்று சொல்லி, மேலே பார்த்து, மறுபடி வந்தான். கணக்கில் எங்கேயோ தான் தப்பு செய்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். போவதும் வருவதுமாக இருந்தான். வெயில் ஏறியது. கொளஞ்சியம்மாள் முப்பத்தாறாவது மரத்தடியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். "வாடா வூட்டுக்கு. களி செஞ்சி தர்றன். வாடா ராசா." அவன் காதில் அது ஏறவில்லை.

பத்து மணி வாக்கில் இரண்டு லாரி நிறையப் போலீஸ் வந்தது. எச்சரிக்கை கொடுத்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. தடிகள் இறங்குவதைப் பார்த்ததும் கூட்டம் எழுந்தது. யாரோ அவள் தோளில் இடித்தார்கள். அவள் ஓடினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சின்னப்பொண்ணுக்குப் பின்னால், கரும்புக் கொல்லைக்குள் பாய்ந்து ஓடினாள். கரும்புச் சோகை முகத்தைக் கிழித்தது. எவ்வளவு தூரம் ஓடினாள் என்று தெரியாது. நின்று மூச்சு வாங்கியபோதுதான் பிள்ளை ஞாபகம் வந்தது.

திரும்பிக் கொல்லை ஓரத்துக்கு வந்து பார்த்தபோது நாலு போலீஸ்காரர்கள் அவனைக் கையும் காலுமாகப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தொட்டால் தாங்காத பிள்ளை. அவன் கத்திய கத்தலில் அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். "அவன் ஒரு மாதிரிங்க, வுட்டுடுங்க, அவன் ஒரு மாதிரி" என்று கத்திக்கொண்டு ஓடினாள். லாரி போய்விட்டது. அடித்தால் ஓடுவது என்று அவள் சிரித்துக்கொண்டு சொல்லி மூன்று நாள்கூட ஆகவில்லை.

ரம்பம் யாருடையது என்று விசாரிக்கிறார்கள் என்றதும் சுப்புராயனே பாவாடையை மலைக்கு அனுப்பிவைத்தார். வெள்ளிமலைப் பக்கம் மரம் அறுக்கப் போய்ப் பழகிய வீடு ஒன்று இருந்தது. ஆக, தேடுகிற வேலை தாய்க்கும் மகளுக்கும் வந்து சேர்ந்தது. பஸ் ஓடாத அந்த வாரம் முழுவதும் இரண்டு பேரும் கள்ளக்குறிச்சிக்கு நடந்து போய் நடந்து வந்தார்கள். பாலத்துக்கு அப்பால் வழியெல்லாம் மரங்கள் கிடந்தன. ஸ்டேஷனில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். கோர்ட்டில் வக்கீலைப் பார்க்கச் சொன்னார்கள். வக்கீலுக்கு நேரமில்லை. அவருடைய குமாஸ்தா அரங்கநாதன் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, பிடிபட்டவர்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிர்மலா நாலு தாளையும் இரண்டு முறை படித்தாள். வேடியப்பன் என்று மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தனுக்கும் அப்பன் பேர் பாவாடை இல்லை.

"அவன் பேரச் சொல்ல மாட்டான் அய்யா. பேசத் தெரியாது" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"ஊமையா?"

"ஊமையில்லீங்க. நம்பரு மட்டும் சொல்லுவான்."

அரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "கடசித் தாளப் பாரும்மா பொண்ணு. பேர் தெரியாதவங்க மூணு பேர் கீறாங்க. அதுல ஒருத்தன், பேரு இன்னாடான்னு கேட்டா முப்பத்தாறு, முப்பத்தாறுன்னே சொல்லிக்கினு இருந்தானாம். திமிரு புடிச்சவன்னு நல்லாப் போட்டுட்டு, முப்பத்தாறுன்னே எழுதி அனுப்பிட்டாங்க."

கொளஞ்சியம்மாள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அடித்தார்கள் என்பதற்கு அழுதாளா, கிடைத்துவிட்டான் என்பதற்கு அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வயசு முப்பத்தாறாம்மா?" என்று கேட்டார் குமாஸ்தா.

"இல்லீங்க, மரம்" என்றாள் நிர்மலா. என்ன மரம் என்று சொல்ல அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அரங்கநாதன் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து மனு எழுத உட்கார்ந்தார்.

"அய்யா, களிய ரெண்டாப் புட்டு வெக்கணும், கொழம்பு மேல படக்கூடாதுன்னு அதுல எழுதிடுங்க. இல்லன்னா அவன் சாப்பிட மாட்டான்" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"இதெல்லாம் மனுவுல எழுத முடியாதும்மா."

"அவன் பட்டினி கெடந்து செத்துடுவான் அய்யா."

அவர் மனுவை ஓரமாக வைத்தார். பிறகு தனியாக ஒரு தாளை எடுத்து, "சொல்லு" என்றார். களி, குழம்பு, தொடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, தூங்கும்போதுதான் சவரம். ஒரு பக்கம் நிறைய எழுதினார். அந்தத் தாள் ஜெயிலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ஜாமீன் கிடைக்க இருபத்து மூன்று நாள் ஆயிற்று. கிழக்கே அரை நாள் பயணத்தில் இருந்தது அந்த ஜெயில். போகிற வழியெல்லாம் கொளஞ்சியம்மாள், மகனைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனாள். பெரிய கதவில் சின்னக் கதவு திறந்தது. அவன் நடந்து வந்தான். தாடி வளர்ந்திருந்தது, இடது காதுக்கு மேல் தழும்பு இருந்தது, விலா எலும்பு எண்ணிவிடலாம்போல் தெரிந்தது. அவளைப் பார்க்கவில்லை. எப்போதும் பார்த்ததும் இல்லை.

கூட வந்த வயசான வார்டர் சொன்னார். "மொத அஞ்சு நாளு ரகளதாம்மா. செவுத்துல முட்டிக்கினு, கத்திக்கினு, யாரையும் தூங்க வுடல. அப்பறம் எண்ணிக்கைக்குப் பழகிட்டான். காலைல எல்லாரையும் வரிசையாக் குந்த வெச்சி எண்ணுவம் பாரு, மொத ஆளா வந்து குந்திக்குவான். கணக்கு சரியானாதான் கூழு. சரியாவலன்னா எவனுக்கும் கெடயாது, மறுபடி மொதல்லருந்து எண்ணுவம். எல்லாரும் எங்களத் திட்டுவானுங்க. இவன் ஒருத்தன்தான் எத்தினி வாட்டி எண்ணுனாலும் அசையாமக் குந்தியிருப்பான்."

அவர் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். கொளஞ்சியம்மாளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள், பிள்ளை ஓரிடத்தில் அடங்கியிருந்தானே என்று.

ஊருக்கு வந்த அன்று சாயங்காலமே சுப்புராயன் நாலு பேரோடு வந்தார். சிறை சென்ற எல்லோருக்கும் துண்டு போர்த்திக்கொண்டு வந்தார்கள். வேடியப்பன் தோளில் துண்டு பட்டதும் அவன் உதறிவிட்டு மூலைக்குப் போய்க் கையைக் கடித்தான். கீழே கிடந்த துண்டைச் சுப்புராயனே எடுத்து மடித்துக் கொளஞ்சியம்மாள் கையில் கொடுத்தார். "நாங்களாப் போய் மாட்டிக்கினோம். இவன் ஒண்ணும் தெரியாம மாட்டிக்கினான். மன்னிச்சிக்கோம்மா" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

விசாரணை அடங்கிவிட்டது என்று தெரிந்து பாவாடை அன்று ராத்திரியே மலையிலிருந்து இறங்கி வந்தான். மகனைப் பார்த்தான். தழும்பைத் தொடப் போய், ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டான். "நம்பர நான் எடுத்துட்டிருந்தா, மரம் இல்லன்னு அவன் வூட்டுக்குத் திரும்பியிருப்பான். நம்பர வுட்டுட்டு வந்ததாலதான் அங்கியே சுத்திக்கினு நின்னான்" என்றான்.

"நான் ஓடிட்டன்" என்றாள் கொளஞ்சியம்மாள்.

அதற்குமேல் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டதில்லை.

மறுநாள் விடியற்காலையில் வேடியப்பன் எழுந்தான். ரோட்டுக்குப் போவான் என்று கொளஞ்சியம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். அவன் போகவில்லை. வாசல் நடுவில் குந்திக்கொண்டு, கையிரண்டையும் முழங்கால்மேல் வைத்து, தலையைக் குனிந்துகொண்டான். கூழைக் கரைத்துக் கூப்பிட்டாள். வரவில்லை. களி செய்தாள், இரண்டாகப் பிட்டு வைத்தாள். வரவில்லை. வெயில் முதுகில் ஏறியது. வார்டர் சொன்னது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒண்ணு" என்றாள்.

அவன் அசையவில்லை. ஒரு ஆளை வைத்துக்கொண்டு எந்த ஜெயிலில் வரிசை? பாவாடைக்கு அது புரிந்தது. கொட்டாயிலிருந்து வந்து மகனுக்கு ஒரு கை தூரத்தில், அதேபோலத் தலையைக் குனிந்து குந்திக்கொண்டான். போலீசுக்குப் பயந்து மலையேறியவன் தன் வீட்டு வாசலில் கைதியாக உட்கார்ந்தான். நிர்மலா பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து பக்கத்தில் குந்தினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு" என்று எண்ணினாள் கொளஞ்சியம்மாள்.

வேடியப்பன் எழுந்து போய்த் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு அவன் ரோட்டுக்குப் போகவே இல்லை. முப்பத்தெட்டிலிருந்து அறுபத்து நாலு வரைக்கும் மரங்கள் நன்றாகத்தான் நின்றன. இரண்டு வருஷம் தினம் காலையில் அந்த வீட்டில் எண்ணிக்கை நடந்தது. தொண்டைக்குள் வண்டுச் சத்தம் மறுபடி வரவே இல்லை. கொளஞ்சியம்மாள் இப்போது எந்தக் கொல்லைக்குக் கூப்பிட்டாலும் போனாள். ரோட்டோரமா என்று கேட்பதில்லை. அதைப் பார்த்து யாரும் கேலி பேசவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இரண்டு வருஷத்தில் ஒதுக்கீடு வந்தது. நிர்மலாவுக்கு ட்ரெய்னிங் ஸ்கூலில் சீட்டுக் கிடைத்தது. அந்தத் தெருவிலேயே முதல் ஆள். சுப்புராயன் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். பாவாடை அந்தக் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டும்போது நிர்மலா கேட்டாள்.

"யம்மா, காலையில இவன் இன்னா பண்ணுவான்?"

"நீ போ. நாங்க பாத்துக்கறம்."

"நான் வோணும்னா அடுத்த வருசம்—"

"போடின்றன். இதுக்காவத்தான இவ்ளோ ஆச்சி."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாவாடை பஸ் ஏற்றிவிட்டு வந்தான். மறுநாள் விடிந்தது. வேடியப்பன் வாசலில் குந்தினான். பாவாடை குந்தினான். "ஒண்ணு. ரெண்டு" என்றாள் கொளஞ்சியம்மாள். பிறகு வெறும் தரையைப் பார்த்து, "மூணு" என்றாள்.

அவன் எழவில்லை.

சின்னப்பொண்ணைக் கூட்டிவந்து நிர்மலா இடத்தில் உட்கார வைத்தாள். அவன் கையைக் கடிக்க ஆரம்பித்தான். சின்னப்பொண்ணு எழுந்து ஓரமாகப் போய் நின்றாள். கொளஞ்சியம்மாளே மகளின் இடத்தில் குந்தினாள். இப்போது மூன்று பேர் சரியாக இருந்தார்கள், ஆனால் சின்னப்பொண்ணு எண்ணியதும் அவன் மறுபடி கையைக் கடித்தான்; எண்ணத்தான் ஆளில்லை. பாவாடை எழுந்து முன்னால் வந்து நின்று, "ஒண்ணு. ரெண்டு" என்றான். அதோடு நின்றுவிட்டான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரில் யார் எழுந்து எண்ணினாலும் ஒரு ஆள் குறைந்தது.

மல்லாட்டைக் கொல்லைக்குப் போகிற பெண்கள் வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கொளஞ்சியம்மாள் மகன் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். கூழ் சட்டியில் ஏடு கட்டியது.

"தீவாளிக்கு வருவாடா. லீவு வுடுவாங்க, வந்துடுவா" என்றாள்.

தீபாவளிக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள் இருந்தது. கணக்கு சரியாகட்டும் என்று வேடியப்பன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.